உதட்டில் ஒட்டும் பக்கம்

அந்த அறைக்குள் போகும் முன் வாயைக் கழுவ வேண்டும். கையையும் கழுவத்தான் வேண்டும், ஆனால் வாசலில் நிற்கும் மேற்பார்வைக்காரி உற்றுப் பார்ப்பது எங்கள் வாயைத்தான். உதட்டில் சாயம் கூடாது, எண்ணெய் கூடாது, வெண்ணெய் தடவிய ரொட்டியைத் தின்றுவிட்டு அப்படியே வந்து நிற்கக் கூடாது. குளிரில் உதடு வெடித்து ரத்தம் கசிந்தாலும் அதன்மேல் ஒன்றும் தடவக் கூடாது. புதிதாகச் சேருகிற பெண்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். ஒரு வாரம் போனால் சிரிப்பு அடங்கிவிடும்.

போர் விமானங்களின் வயிற்றில் பொருத்துகிற கேமராக்களுக்குப் பிலிம் போடுவது எங்கள் வேலை. சாண் அகலப் பிலிம், மாவு மூட்டை கனத்தில் பெரிய உருளையாக வரும். அதை அளந்து வெட்டி, சின்னச் சுருளாகச் சுற்றி, தகரப் பெட்டிக்குள் வைத்து மூட வேண்டும். எல்லாமே கும்மிருட்டில். சிவப்பு விளக்குகூடக் கிடையாது, இந்தப் பிலிமுக்கு அதுவும் ஆகாது. பிலிமின் ஒரு பக்கம் மருந்து பூசியிருக்கும், படம் விழுவது அதில்தான். மறுபக்கம் முதுகு. அதில் கறுப்புச் சாயம் அடித்திருப்பார்கள், வெளிச்சம் அதைத் தாண்டி வராது. மருந்துப் பக்கம்தான் கேமராவின் கண்ணைப் பார்த்திருக்க வேண்டும். மாறிப் போனால், விமானம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு சுற்றிவிட்டுத் திரும்பி வந்தாலும் மிச்சம் வெறும் பிலிம்தான்.

இருட்டில் எந்தப் பக்கம் எது என்று எங்கள் விரலுக்குத் தெரியாது. பாத்திரம் தேய்த்துக் காய்த்துப்போன விரல். கீழுதட்டை லேசாக ஈரமாக்கி, பிலிமின் ஓரத்தை அதில் வைத்தால் மருந்துப் பக்கம் மெல்ல ஒட்டும், முதுகுப் பக்கம் வழுக்கும். ராணுவ ரகசியம் என்று அவர்கள் எங்களிடம் கையெழுத்து வாங்கியதெல்லாம் இந்த அளவுதான். என் புருஷன் உயிரோடு இருந்திருந்தால் சண்டைக்கு வந்திருப்பார், ஒரு நாளைக்கு இத்தனை தடவை எதற்கு உதட்டைக் கொடுக்கிறாய் என்று.

உள்ளே போவதற்கு முன்பு, வெளிச்சத்தில் இருக்கும்போதே, ஒவ்வொரு பெட்டிக்கும் சீட்டு எழுதி ஒட்டிவிட வேண்டும். பெட்டி எண், தேதி, சுற்றுகிறவளின் எண். என்னுடையது இரண்டு. என்னோடு அக்கா தங்கை இரண்டு பேர் வேலை செய்தார்கள். பெரியவளின் எண் நாலு, சின்னவளின் எண் ஐந்து. வயதில் மூத்தவள் என்பதால் இரண்டு பேருக்குமே நான் 'பெரியக்கா'. அவர்கள் வீடு என் அறைக்கு எதிர்ப்புறம், மூடிக்கிடந்த பூட்டுக்கடைக்கு மேல் மாடியில். இரண்டு அறை, ஒரு சமையலிடம். ஜன்னலோரத்தில் பெரியவளின் மாமனார் தையல் மிஷின் போட்டு உட்கார்ந்திருப்பார். போருக்கு முன் கோட்டு தைத்தவர். இப்போது ராணுவத்துக்குக் கேமரா உறை தைத்துக்கொண்டிருந்தார், தடித்த கித்தானில். ஊசி ஒடியும்போதெல்லாம் இரண்டு பக்கத்து ராஜாக்களையும் சேர்த்துத் திட்டுவார்.

பெரியவளின் புருஷன், அதாவது அந்தத் தையல்காரரின் ஒரே மகன், நாங்கள் மூடித் தருகிற பெட்டிகளை ஆகாயத்துக்கு எடுத்துக்கொண்டு போகிறவன். விமானத்தில் ஓட்டுகிறவர் முன்னால், இவன் பின்னால் தரையோடு தரையாகக் குப்புறப் படுத்து, கேமராவின் பிடியைப் பிடித்தபடி. முன்பு கல்யாண வீடுகளில் படம் எடுத்தவன். அந்தப் பழக்கம் விடவில்லை. பத்தாயிரம் அடி உயரத்திலிருந்து எதிரியின் ரயில் நிலையத்தைப் பார்த்து, "கொஞ்சம் நெருங்கி நில்லுங்க, கண்ண மூடாதீங்க" என்று சொல்லித்தான் பொத்தானை அழுத்துவானாம். அவன் இதைச் சொல்லும்போது பெரியவள் சிரிக்க மாட்டாள். சின்னவள் விழுந்து விழுந்து சிரிப்பாள்.

மழை பெய்தால்தான் பெரியவள் முகம் தெளியும். மேகம் இருந்தால் படம் விழாது, படம் விழாதென்றால் விமானம் போகாது. துணி காயவில்லை, அடுப்பு பிடிக்கவில்லை என்று தெருவே வானத்தை வையும்போது இவள் மட்டும் ஜன்னலில் கையை நீட்டி மழையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

அந்த முறை எட்டு நாள் விடாத மழை. ஒன்பதாம் நாள் காலை தூறல்தான் இருந்தது. சின்னவளுக்கு மூன்று நாளாகக் கடைவாய்ப் பல் வலி, கன்னம் பந்தாக வீங்கியிருந்தது. காலையிலேயே பல் டாக்டரிடம் போய்ப் பிடுங்கிக்கொண்டு நேரே வேலைக்கு வருவதாகச் சொல்லிப் போனாள். வரவேண்டிய நேரத்துக்கு வரவில்லை. தங்கையின் பெட்டிகள் சீட்டில்லாமல் கிடப்பது மேற்பார்வைக்காரி கண்ணில் பட்டால் கெட்ட பெயராகிவிடுமே, தானே சுற்றிவிடலாம் என்று பெரியவள் அவர்கள் இரண்டு பேர் பங்குக்கு வந்த ஆறு பெட்டிக்கும் தன் எண்ணையே எழுதி ஒட்டிவிட்டாள். நாலு, நாலு, நாலு என்று ஆறு சீட்டு. நானும் பக்கத்தில்தான் நின்றேன். இதில் என்ன இருக்கிறது என்றுதான் எனக்கும் தோன்றியது.

பத்தரை மணிக்கு, மேற்பார்வைக்காரி வாசலில் இல்லாத நேரம் பார்த்து, சின்னவள் இருட்டுக்குள் வந்து சேர்ந்தாள். கறுப்புத் திரை இரண்டையும் விலக்கிக்கொண்டு வரும் காலடியை வைத்தே ஆள் தெரியும் எங்களுக்கு.

"வந்துட்டியாடி? வலிக்குதா?" என்றாள் பெரியவள்.

"இல்லக்கா. ஒண்ணுமே தெரியல." பஞ்சைக் கடித்துக்கொண்டு பேசியதில் வார்த்தை கொழகொழவென்று வந்தது. "ரெண்டு ஊசி போட்டாரு."

"பேசாத. செவுத்துல சாஞ்சு நில்லு. நாங்க ரெண்டு பேரும் சுத்திக்கறோம்."

அந்த நேரம் பார்த்துக் கதவை வெளியிலிருந்து யாரோ தட்டினார்கள். மேற்பார்வைக்காரியின் குரல்தான். "மேகம் விலகிடுச்சு! எல்லாப் பெட்டியும் பன்னெண்டுக்குள்ள வேணும்!"

மேகம் விலகியது என்ற சொல்லுக்குப் பெரியவள் ஒரு மூச்சு விட்டாள். அதை நான் கேட்டேன். பிறகு அவள் வெட்டுகிற மேஜைக்கு, அறையின் மறுகோடிக்குப் போய்விட்டாள். கத்தி கிறீச்சிட ஆரம்பித்தது. சின்னவள் சுவரில் சாய்ந்து நிற்கவில்லை. என் பக்கத்தில் வந்து ஒரு துண்டுப் பிலிமை எடுத்தாள். அதை உதட்டில் வைத்து வைத்துப் பார்த்திருப்பாள் போல. அப்புறம் என் காதோரம் சொன்னாள்.

"பெரியக்கா, கீழுதடு எனக்கு இருக்கா இல்லையான்னே தெரியல. ஒட்டுதா வழுக்குதான்னு புரியல."

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? வைத்துவிடு, நான் பார்க்கிறேன் என்று சொல்லியிருக்க வேண்டும். என் வாய் சும்மா இருக்காது. "யாருக்கு முத்தம் குடுக்கப் போற? கையால தடவிப் பார்த்துச் சுத்துடி. மூணு வருஷமா சுத்தறவளுக்கு உதடு எதுக்கு?" என்றேன்.

சின்னவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, பஞ்சோடு சேர்ந்து. "அங்க என்ன சிரிப்பு?" என்று மறுகோடியிலிருந்து பெரியவள் கேட்டாள். "ஒண்ணுமில்லக்கா" என்றாள் இவள். பிறகு சுற்றினாள். அவள் முதலில் எடுத்தது மூடி நெளிந்த பெட்டி. அதை மூடுவதற்கு உள்ளங்கையால் மூன்று நான்கு தட்டு தட்ட வேண்டும். என் முழங்கைக்குப் பக்கத்திலேயே அவள் தட்டியது எனக்கு இப்போதும் கேட்கிறது.

அன்று மாலை நான் அவர்கள் வீட்டில்தான் இருந்தேன். பெரியவள் உருளைக்கிழங்கு அவித்துக்கொண்டிருந்தாள். சின்னவளுக்கு மட்டும் கஞ்சி. வெளிச்சம் போவதற்குள்ளேயே கேமராக்காரன் வந்துவிட்டான். படியேறும்போதே சத்தம்.

"என்ன மச்சினிச்சி, கன்னத்துல ஒரு முழு ரொட்டிய ஒளிச்சு வச்சிருக்கியா? ரேஷன்காரன் பாத்தா புடிச்சுட்டுப் போயிடுவான்."

"சும்மா இருங்க அத்தான், வலிக்குது."

"படம் எப்படிடா வந்துச்சு?" என்றார் தையல்காரர், மிஷினை நிறுத்தாமல்.

"படமா? அத ஏன் கேக்குறீங்க. ஆத்து மேல அந்தப் பாலம். நானும் தலைய நிமுத்து, தோள எறக்குன்னு கெஞ்சிக் கெஞ்சி எடுத்தேன். கழுவிப் பாத்தா ஒண்ணுமே இல்ல. பாலம் வெக்கப்பட்டு ஓடிப்போச்சு."

"ஏன்டா?"

"பிலிம் மாறியிருக்குப்பா. முதுகுப் பக்கம் எடுத்திருக்கு."

பெரியவளின் கை கிழங்குப் பாத்திரத்தின்மேல் நின்றது. "எந்தப் பெட்டி?"

"அதெல்லாம் உனக்கு எதுக்கு? நீ என்ன விசாரணை அதிகாரியா? ஆயிரம் பெட்டியில ஒண்ணு. நாளைக்குக் காலைல போயி எடுத்துட்டு வந்தா முடிஞ்சுது. வழி தெரியும், பாலம் அங்கயேதான் நிக்கும். கெழங்கு போடு, பசிக்குது."

"அதே வழியாவா போகச் சொல்றாங்க?" என்று கேட்டாள் அவள்.

"வேற வழி இருந்தா சொல்லு, அதுல போறேன்."

சின்னவள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்து சமையலிடத்துக்குப் போனாள். வலியில் போகிறாள் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். எனக்கு அப்போதே தெரியுமா என்று கேட்டால், தெரியும். மூடியைத் தட்டிய சத்தம் காதில் வந்துவிட்டது. ஆனால் என்ன நஷ்டம், நாளைக்கு ஒரு தடவை போய் வரப்போகிறான் என்று என்னையே நான் சமாதானப்படுத்திக்கொண்டு கிழங்கைத் தின்றேன். நன்றாகத்தான் தின்றேன்.

மறுநாள் வானம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. காலை ஏழு மணிக்கு விமானம் போயிற்று. முதல் நாள் ஏமாந்த எதிரி இரண்டாம் நாள் காத்திருந்திருக்கிறான். ஒன்பது மணிக்கு வரவேண்டியது, பத்துக்கும் வரவில்லை. எவ்வளவு எண்ணெய் போட்டார்களோ அது தீர்கிற நேரமும் தாண்டியது. மதியம் மேற்பார்வைக்காரி திரையை விலக்கி உள்ளே வந்து, "நாலு, கொஞ்சம் வெளிய வா" என்றாள். அந்தக் குரலிலேயே எல்லாம் இருந்தது. இருட்டில் பெரியவள் கையிலிருந்த சுருளைப் பத்திரமாகப் பெட்டிக்குள் வைத்து, மூடியை அழுத்தி மூடிவிட்டுத்தான் வெளியே போனாள். வெளிச்சம் பட்டால் பிலிம் கெட்டுவிடும் அல்லவா.

ஓட்டியவருக்கும் ஒரு குடும்பம் இருந்தது. வேறு ஊர். அவர்களைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது.

விசாரணை நான்காம் நாள். எங்கள் மூன்று பேரையும் வரிசையாக நிற்க வைத்தார்கள். அதிகாரி இளவயசு, கண்ணின் கீழ் கறுத்திருந்தது. "பதினேழாம் பெட்டி. மூடி நெளிஞ்சது. சீட்டுல நாலுன்னு இருக்கு. நாலு யாரு?"

"நான்தான்" என்றாள் பெரியவள்.

"சார், அது..." என்று சின்னவள் ஆரம்பித்தாள். பெரியவள் அவள் கையைப் பிடித்து அழுத்தினாள். தாமதமாக வந்ததைத் தங்கை உளறி வேலையைக் கெடுத்துக்கொள்ளப் போகிறாள் என்று அவள் பயந்தாள். அவள் மனதில் அதற்கு மேல் ஒன்றுமில்லை. ஆறு பெட்டியில் எது யார் சுற்றியது என்று அவளுக்கு நினைவில்லை. தினமும் செய்கிற வேலை, இருட்டில் எதை நினைவு வைப்பது? அந்த நெளிந்த பெட்டியை வழக்கமாக எடுப்பது அவள்தான், அன்றும் தானே எடுத்ததாக எண்ணிக்கொண்டாள்.

அதிகாரி காகிதத்தைப் பார்த்துவிட்டு, "நீங்க அவரோட மனைவியா?" என்று கேட்டார். அவள் தலையசைத்தாள். அவர் காகிதத்தைக் கவிழ்த்து வைத்தார். அவர் கத்தித் திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். அடுத்த நாளிலிருந்து பெரியவளைப் படம் உலர்த்துகிற அறைக்கு மாற்றினார்கள். கயிற்றில் ஈரப் படங்களைக் கவ்வியில் மாட்டுகிற வேலை. வெளிச்சமான அறை.

வீட்டில் மாமனாரிடம் சொன்னது அவளேதான். யாரும் சொல்லச் சொல்லவில்லை. மிஷினுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து, "மாமா, முதல் நாள் பிலிம நான்தான் மாத்திப் போட்டுட்டேன். அதனாலதான் அவரு ரெண்டாந்தடவ போனாரு" என்றிருக்கிறாள். அவர் தைத்துக்கொண்டிருந்த உறையை நூல் அறுக்காமலே மிஷினில் விட்டுவிட்டு எழுந்து போய்ப் படுத்தார். அன்றிலிருந்து பெரியவள் கையால் அவர் எதுவும் வாங்கவில்லை. டீயை நீட்டினால் பார்வையை ஜன்னலுக்குத் திருப்பிக்கொள்வார். அதே டீயைச் சின்னவள் எடுத்து நீட்டினால் வாங்கிக் குடிப்பார். "நீயாவது இருக்கியேம்மா" என்பார். அவர் அப்படிச் சொல்லும்போது சின்னவளின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

பத்து நாள் கழித்து, வாய் கழுவும் குழாயடியில் அவள் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"அது நான் பெரியக்கா. அந்தப் பெட்டி."

"தெரியும்."

"தெரியுமா?" தண்ணீர் அவள் தாடையில் வழிந்துகொண்டிருந்தது. "தெரிஞ்சுமா இத்தன நாள் வந்து போயிட்டு இருக்கீங்க?"

"நீ மட்டும் என்ன பண்ணிட்டு இருந்த?"

"நான் தெனமும் சொல்லத்தான் போறேன். மாமா என் கையால வாங்கிச் சாப்பிடறாரு பெரியக்கா. என் கையால. அவ சமைக்கறா, நான் கொண்டுபோய்க் குடுக்கறேன், அவரு சாப்பிடறாரு. அவ கதவு பக்கத்துல நின்னு அவரு சாப்பிடறதப் பாத்துட்டு இருக்கா. எனக்குப் பைத்தியமே புடிச்சிடும்."

"சொல்லி என்ன ஆகப்போகுது? போனவன் வருவானா? புருஷன் போயாச்சு, இருக்கற ஒரே தங்கச்சியும் அவளுக்கு இல்லாமப் போகணுமா? வாய மூடிட்டுக் கெட."

அவளுக்காகச் சொன்னேன் என்றுதான் அன்று நினைத்தேன். சொன்னதில் பாதி எனக்காக. அவள் வாயைத் திறந்தால் என் முத்தப் பேச்சும் அல்லவா வெளியே வரும்?

என் எண்ணம் மாறியது ஒரு மழை மாலையில். வாங்கிய பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். தையல்காரர் கித்தான் வாங்கப் போயிருந்தார், சின்னவள் ரேஷன் வரிசையில். பெரியவள் சமையலிடத்து மேஜையில் உட்கார்ந்திருந்தாள். கண்ணைத் துண்டால் கட்டியிருந்தாள். முன்னால் கழிவுப் பிலிம் துண்டுகள், முழ நீளம் முழ நீளமாக, ஒரு குவியல். ஒன்றை எடுப்பாள், இப்படியும் அப்படியும் புரட்டுவாள், உதட்டில் வைப்பாள், இடப்பக்கமோ வலப்பக்கமோ போடுவாள். கீழுதடு தோல் உரிந்து சிவந்து கிடந்தது.

"யாரு? பெரியக்காவா?" கண்கட்டை அவிழ்க்காமலே கேட்டாள். "இந்த அடுக்கப் பாத்துச் சொல்லுங்க. தப்பா ஏதாச்சும் இருக்கா?"

பார்த்தேன். ஒன்றுகூடத் தப்பில்லை.

"இல்லம்மா."

"அதான். நானூறு தடவ ஆச்சு, ஒண்ணுகூடத் தப்பல. அப்போ அன்னைக்கு மட்டும் எப்படி மாறிச்சு?" துண்டை இறக்கினாள். கண் வறண்டிருந்தது. "அதுக்கு முந்தின நாள் நாங்க சண்ட போட்டோம் பெரியக்கா. சட்டையில பொத்தான் தைக்கலன்னு அவரு கேட்டாரு. நான் என்ன உங்க அப்பாவா தைக்கறதுக்குன்னு கேட்டேன். அந்தக் கோவம் எனக்குக் காலையிலயும் இருந்துச்சு. மேகம் விலகிடுச்சுன்னு சத்தம் கேட்டப்போ, போகட்டும்னு ஒரு நிமிஷம் நெனச்சேன். ஒரே நிமிஷம். அந்த ஒரு நிமிஷத்துலதான் கை மாத்திப் போட்டுடுச்சோ?"

"அப்படியெல்லாம் இல்லம்மா."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று என்னால் அந்த இடத்தில் சொல்ல முடியவில்லை. பாத்திரத்தை வைத்துவிட்டுப் படியிறங்கி, மழையில் ரேஷன் வரிசையைத் தேடிப் போய்ச் சின்னவளை இழுத்து வெளியே நிறுத்தினேன்.

"சொல்லிடு" என்றேன். "கோவத்துல புருஷனக் கொன்னுட்டேன்னு நெனச்சிட்டு இருக்கா. இத விட நீ சொல்றது கொடுமையில்ல. ஞாயித்துக்கிழமை மத்தியானம் சொல்லு. நானும் வர்றேன். நான் கேட்டதையும் சொல்றேன்."

"நிஜமா வருவீங்கல்ல?"

"வருவேன்டி."

ஞாயிறு மதியம் போனேன். மேஜையில் ரொட்டி, அவித்த முட்டை நான்கு, வெங்காயம் போட்ட சூப். தையல்காரர் உட்கார்ந்திருந்தார். பெரியவள் அடுப்படியில் நின்றிருந்தாள். வழக்கம்போல் தட்டைத் தங்கையிடம் கொடுத்தாள். சின்னவள் அதை வாங்கி மேஜையில் வைத்துவிட்டு, நின்றபடியே சொன்னாள்.

"மாமா, இனிமே என் கையால சாப்பிடாதீங்க. பிலிம மாத்திச் சுத்தினது அக்கா இல்ல. நான்தான்."

கிழவர் நிமிர்ந்தார்.

"அன்னைக்குப் பல்லு புடுங்கிட்டு வந்தேன். உதடு மரத்துப் போயிருந்துச்சு. ஒட்டுதா இல்லையான்னு தெரியல. தெரியாமலே சுத்தினேன். அந்த மூடி நெளிஞ்ச பெட்டி. நான் லேட்டுங்கறதுக்காக அக்கா அவ நம்பர எழுதி ஒட்டியிருந்தா, அவ்வளவுதான். அக்கா தப்பே பண்ணல. அத்தான ரெண்டாவது தடவ அனுப்பினது நான்."

ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். நன்றாகச் சொன்னாள், ஒரு வார்த்தை விடாமல். பலநாள் சொல்லிச் சொல்லிப் பார்த்திருக்க வேண்டும். அதுதான் வினையாகப் போயிற்று.

பெரியவள் அடுப்படியை விட்டு வந்தாள். தங்கையின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"எத்தன நாளா இத யோசிச்சு வச்சிருக்க?"

"யோசிக்கலக்கா. நடந்தது."

"உதடு மரத்துப்போனா நீ பிலிமத் தொடுவியா? என்கிட்ட குடுத்திருக்க மாட்ட? செவுத்துல சாஞ்சு நில்லுன்னு நான் சொன்னேனே. எனக்குத் தெரியாதா உன்ன? சின்ன வயசுல நான் ஒடைச்ச நெலைக்கண்ணாடிக்கு, நான்தான் ஒடைச்சேன்னு போய் நின்னு அப்பாகிட்ட அடி வாங்கினவதான நீ? முதுகெல்லாம் தடிச்சுப் போச்சு, அப்பவும் வாயத் தெறக்கல." அழுதுவிட்டாள். அவன் போனதிலிருந்து அவள் அழுது நான் பார்த்தது அப்போதுதான். "இது கண்ணாடி இல்லடி. இதையும் நீ வாங்கிக்க முடியாது."

"அக்கா, சத்தியமாச் சொல்றேன்..."

"சத்தியம் பண்ணாத. எனக்காகப் பொய்ச் சத்தியம் வேற பண்ணணுமா?"

கிழவர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "பாரு" என்றார், யாரிடம் என்று இல்லாமல். "அக்காவுக்காக இந்தச் சின்னப் பொண்ணு கொலப்பழிய ஏத்துக்குது. நான் பெரிய மனுஷன், கையால வாங்காம உக்காந்திருக்கேன். என் புள்ள இருந்தா என் மூஞ்சியில முழிப்பானா?"

சின்னவள் என் பக்கம் திரும்பினாள். "பெரியக்கா, சொல்லுங்க. உதடு தெரியலன்னு உங்ககிட்ட சொன்னேன்ல? மூடியத் தட்டினது கேட்டீங்கல்ல? சொல்லுங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் வாயைத் திறந்தேன். அந்த நேரத்தில் கிழவர் மேஜையிலிருந்த தட்டை எடுத்துப் பெரியவள் பக்கம் நீட்டினார். சூப்பு ஊற்றச் சொல்லி. பத்தொன்பது நாளுக்குப் பிறகு. அவள் அதை வாங்கினாள். கரண்டி தட்டில் பட்டுச் சத்தம் போட்டது. அழுதுகொண்டே ஊற்றினாள், அவர் அவள் கையிலிருந்து வாங்கினார், ஒரு வாய் குடித்தார்.

நான் சொல்லியிருக்கலாம். என் ஒரு வார்த்தையில் அவர்கள் நம்பியிருப்பார்கள். அந்தத் தட்டு திரும்பவும் மேஜைக்குப் போய்விடுமே என்று பயந்தேன், அது நிஜம். 'யாருக்கு முத்தம் குடுக்கப் போற' என்று நான் சொன்னதைப் பிள்ளையைப் பறிகொடுத்தவர் முன்னால் எப்படிச் சொல்வது என்று பயந்தேன், அதுவும் நிஜம். எது முதலில் வந்தது என்று என்னைக் கேட்காதீர்கள்.

"சூப்பு ஆறுது, சாப்பிடுங்க" என்றேன்.

சின்னவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். பெரியவள் அவளைத் தோளோடு அணைத்து உட்கார வைத்து, முட்டையை உரித்துத் தட்டில் வைத்தாள். தலையைத் தடவிக்கொடுத்தாள். "நீ இருக்கறதாலதான்டி நான் உயிரோட இருக்கேன்" என்றாள். சின்னவள் முட்டையைத் தின்றாள்.

நான் கிளம்பும்போது அவள் படிவரைக்கும் கூட வந்தாள். கீழே பூட்டுக்கடைக் கதவில் சாய்ந்து நின்றாள். நான் ஏதாவது சொல்ல வேண்டும் என்று, "அவ மொகத்துல இன்னைக்குத்தான் கொஞ்சம் ரத்தம் ஓடுது, பாத்தியா? கெழவரும் வாங்கிச் சாப்பிட்டாரு. அது போதும், விடு" என்றேன்.

"ஆமா" என்றாள். "அவ நல்லாயிடுவா. ஆனா கோவத்துல பண்ணிட்டேன்னு நெனச்சுக்கிட்டேதான் இருப்பா. மாமா அவள மன்னிச்சுட்டாரு பெரியக்கா, பண்ணாத தப்புக்கு."

"நீயும் மனசத் தேத்திக்கோ."

"அவ என்ன அடிச்சிருந்தா நல்லாருக்கும். வீட்ட விட்டுப் போடின்னு சொல்லியிருந்தாகூட, போயிட்டு என்னைக்காவது திரும்பி வந்திருப்பேன். இனிமே எங்க திரும்பி வர்றது? மன்னிக்கறதுக்கு உங்கிட்ட ஒண்ணுமே இல்லன்னு சொல்லிட்டாளே."

மேலேயிருந்து பெரியவள் கூப்பிட்டாள், டீ போட்டிருக்கிறேன், மாமாவுக்கு நானே கொடுத்துவிட்டேன், நீ வந்து குடி என்று. அந்தக் குரலில் இத்தனை நாளாக இல்லாத தெம்பு இருந்தது. "வர்றேன்க்கா" என்று சொல்லிவிட்டுச் சின்னவள் படியேறிப் போனாள்.